ஏர் ஃபிரையர்ல சின்ன உருளை ரோஸ்ட்: விருந்துக்கு வைக்கிற மாதிரி மொறுமொறுன்னு வர முழு வழி

ஏர் ஃபிரையர் வாங்குன வீட்ல ஃப்ரெஞ்ச் ஃப்ரைஸுக்கு அப்புறம் எல்லாரும் ட்ரை பண்றது இந்த குட்டி உருளைக்கிழங்கு ரோஸ்ட் தான். ரசம் சாதம், சாம்பார் சாதம், தயிர் சாதம்னு எதுக்கு பக்கத்துல வச்சாலும் தட்டே நிறைஞ்ச மாதிரி இருக்கும். ஆனா புதுசா செய்யறவங்க கிட்ட வர்ற புலம்பல் எப்பவும் இதே தான்: மசாலா கருகிடுச்சு உள்ள வேகல, இல்லன்னா தோல் மாதிரி வறண்டு போச்சு, இல்லன்னா நல்லா தான் வந்துச்சு ஆனா சாப்பாடு போடறதுக்குள்ள நமத்துப் போச்சு.

இது மூணுக்கும் காரணம் ரெசிபி இல்ல, வரிசை தான். கடாய்ல வறுக்கும்போது நம்ம கண்ணு முன்னாடி நடக்குது, கருகுற மாதிரி இருந்தா தீயை குறைப்போம், தண்ணி தெளிப்போம். ஏர் ஃபிரையர் மூடின பெட்டி, அதுக்குள்ள மேல இருக்கிற காயில் சூட்ட ஃபேன் வேகமா சுத்தி அடிக்குது. அதனால எது முதல்ல உள்ள போகணும், எது கடைசில போகணும்னு முன்னாடியே முடிவு பண்ணிட்டு தான் ஆரம்பிக்கணும். நான் செய்யறது இந்த வரிசைல தான்: முதல்ல வேகணும், அப்புறம் காயணும், அப்புறம் மேல பொன்னிறமா பொரியணும், அதுக்கப்புறம் தான் மசாலா, தாளிப்பு அடுப்புல தனியா.

1. முன்னாடியே எடுத்து வைக்க வேண்டியது

இந்த அளவு அரை கிலோவுக்கு, நாலு பேருக்கு சைட் டிஷ்ஷா சரியா இருக்கும்.

உருளைக்கு: சின்ன உருளைக்கிழங்கு அரை கிலோ, வேக வைக்க 1 லிட்டர் தண்ணி, அதுல 1 டேபிள்ஸ்பூன் கல் உப்பு.

முதல் பூச்சுக்கு: கடலை எண்ணெய் 1 டேபிள்ஸ்பூன், மஞ்சள்தூள் கால் டீஸ்பூன், அரிசி மாவு 1 டேபிள்ஸ்பூன், உப்பு ரெண்டு சிட்டிகை.

மசாலாவுக்கு: காஷ்மீரி மிளகாய்த்தூள் 1 டீஸ்பூன், வீட்டு மிளகாய்த்தூள் அரை டீஸ்பூன், மல்லித்தூள் 1 டீஸ்பூன், சோம்புத்தூள் அரை டீஸ்பூன், கரகரப்பா பொடிச்ச மிளகு அரை டீஸ்பூன், கடலை எண்ணெய் 1 டேபிள்ஸ்பூன்.

தாளிக்க: நல்லெண்ணெய் 2 டீஸ்பூன், கடுகு, உளுத்தம்பருப்பு, தட்டுன பூண்டு 6 பல், காய்ஞ்ச மிளகாய் 2, கறிவேப்பிலை ரெண்டு கொத்து, பெருங்காயம் கொஞ்சம்.

இஞ்சி பூண்டு விழுது லிஸ்ட்ல இல்லன்னு பாத்துட்டு சேத்துடாதீங்க. அதுல இருக்கிற ஈரம் உருளை மேல ஒட்டிக்கும், பூண்டு சீக்கிரம் கருகி கசக்கும். பூண்டு வாசனைக்கு தாளிப்பு போதும்.

நேரம்னு பாத்தா மொத்தம் ஒரு மணி நேரம் வச்சுக்கோங்க, அதுல உங்க கை வேலை பாதி கூட இருக்காது, மீதி எல்லாம் வேகற நேரமும் ஆற நேரமும் தான்.

2. உருளை பொறுக்குறது

பெரிய நெல்லிக்காய் சைஸ்ல, எல்லாம் ஒரே அளவா இருக்கிறதா பாத்து எடுங்க. பாக்கெட்ல வர்றதுல பெருசும் சின்னதும் கலந்து கிடக்கும், அப்படி இருந்தா பெருச ரெண்டா வெட்டிக்கலாம். அளவு மாறுனா சின்னது குழைஞ்சு போற நேரத்துல பெருசு நடுவுல கடக்குன்னு நிக்கும், அப்புறம் ஏர் ஃபிரையர்ல எவ்ளோ நேரம் வச்சாலும் அது சரி ஆகாது.

பச்சை படிஞ்சது, முளை விட்டது வேண்டாம். அந்த பச்சை இருக்கிற இடத்துல சோலனின்ங்கிற நச்சு சேந்திருக்கும், வேக வச்சாலும் அது போகாது. குட்டி உருளைல அந்த இடத்த மட்டும் ஆழமா வெட்டினா மிச்சமே இருக்காது, தூக்கிப் போட்டுடுங்க.

முக்கியமான இன்னொண்ணு, பச்சை உருளைய ஃப்ரிட்ஜ்ல வைக்காதீங்க. குளிர்ல உருளையோட மாவுச்சத்து கொஞ்சம் கொஞ்சமா சர்க்கரையா மாறும். அந்த உருளைய 200 டிகிரில வச்சா மொறுமொறுப்பு வர்றதுக்கு முன்னாடியே மேல பழுப்பாகி கருத்துடும், கடிச்சா ஒரு தித்திப்பு வேற. கோல்ட் ஸ்டோரேஜ்ல ரொம்ப நாள் கிடந்து வர்ற கிழங்குலயும் இதே பிரச்சனை வரும். மண்ணு ஒட்டின ஊட்டி கிழங்கு கிடைச்சா அதையே வாங்குங்க, நீலகிரில விளையறது மேட்டுப்பாளையம் மண்டிக்கு வந்து அங்கிருந்து ஊர் ஊரா போகுது, சீசன்ல புதுசாவே கிடைக்கும். கழுவாம காத்தோட்டமான இருட்டு இடத்துல ஒரு கூடைல போட்டு வைங்க, போதும்.

3. வேக வைக்கிறது: முக்கால் வேக்காடு

பச்சையாவே மசாலா தடவி ஏர் ஃபிரையர்ல போடலாமேன்னு நிறைய பேர் கேக்கறாங்க. போடலாம், வெந்தும் வரும், ஆனா முழு உருளைய அப்படி போட்டா காஞ்ச காத்து முதல்ல வெளிப்பக்கத்த உலர்த்தி தடிச்ச தோல் மாதிரி ஆக்கிடும், நடு வேகறதுக்கு அரை மணி நேரம் ஆகும், அதுக்குள்ள மசாலா கரி. தண்ணில வெந்தா சூடு எல்லா பக்கமும் சமமா போகும், உப்பும் உள்ள இறங்கும். உள்ள உப்பு இல்லாத உருளைக்கு மேல எவ்ளோ மசாலா போட்டாலும் ருசி தோலோட நின்னுடும்.

வேக வைக்கிறதுக்கு முன்னாடி ஒவ்வொரு உருளைக்கும் இடுப்புல கத்தியால லேசா ஒரு கோடு சுத்தி போடுங்க. தோல் மட்டும் கீறுனா போதும். வெந்தப்புறம் ரெண்டு பக்கமும் இழுத்தா தோல் தொப்பி மாதிரி கழண்டு வந்துடும், நகத்தால பிச்சு பிச்சு உருளைய குதறுற வேலை இல்ல.

பச்சை தண்ணிலயே உருளையையும் உப்பையும் போட்டு அடுப்புல ஏத்துங்க. கொதிக்கிற தண்ணில போட்டா வெளிய குழைஞ்சு உள்ள நிக்கும். கொதி வந்ததுக்கு அப்புறம் மிதமான தீயில 10ல இருந்து 12 நிமிஷம். முள் கரண்டிய குத்துனா உள்ள போகணும், ஆனா நடுவுல கொஞ்சம் பிடிக்கணும். அது தான் பதம். வழுக்கிட்டு உள்ள போச்சுன்னா முழுசா வெந்துடுச்சு, குலுக்கும்போது உடையும்.

குக்கர்ல வைக்கிறவங்களுக்கு ஒரே ஒரு விசில். அணைச்சுட்டு அப்படியே விட்டுட்டா உள்ள இருக்கிற சூட்டுலயே குழைஞ்சுடும், அதனால ஒண்ணு ரெண்டு நிமிஷத்துல கரண்டி காம்பால வெயிட்ட மெதுவா தூக்கி ஆவிய விட்டுடுங்க, ஆவி முழுசா அடங்குன அப்புறம் மட்டும் மூடிய திறங்க. புதுசா செய்யறவங்களுக்கு நான் பாத்திரத்தையே சொல்வேன், பதம் கண்ணுக்கு தெரியும், பயமும் இல்ல.

4. உரிச்சு காய வைக்கிறது

இந்த ஒரு ஸ்டெப்ப தான் எல்லாரும் தாண்டிப் போறாங்க, பிரச்சனை எல்லாம் இங்க தான் ஆரம்பிக்குது.

தண்ணி இருக்கிற வரைக்கும் அந்த இடத்தோட சூடு 100 டிகிரிக்கு பக்கத்துலயே நிக்கும். நம்ம ஆசைப்படற பொன்னிறமும் வறுத்த வாசனையும் அதுக்கு மேல, கிட்டத்தட்ட 140 டிகிரி தாண்டி தான் நல்லா வரும். அப்போ உருளை மேல ஈரம் இருந்தா மெஷின் முதல் பத்து நிமிஷம் அந்த ஈரத்த ஓட்டறதுலயே போயிடும், அதுக்குள்ள உருளை உள்ளுக்குள்ள இன்னும் குழையும்.

அதனால தண்ணிய முழுசா வடிச்சுட்டு, கை பொறுக்குற சூடு வந்ததும் தோல உரிச்சு, அகலமான தட்டுல ஒண்ணு மேல ஒண்ணு இல்லாம பரப்பி ஃபேன் அடியில 15ல இருந்து 20 நிமிஷம் விடுங்க. ஆவி எல்லாம் போயி மேல தொட்டா மாவு மாதிரி ஒரு வறட்சி தெரியும். அவசரமா இருந்தா சுத்தமான காட்டன் துணில ஒத்தி எடுங்க, ஆனா அது காத்துல ஆறுன அளவுக்கு வராது.

விருந்து நாளைக்குன்னா இன்னைக்கு ராத்திரியே வேக வச்சு உரிச்சு நல்லா ஆறுனதும் மூடாம ஃப்ரிட்ஜ்ல வச்சுடுங்க. பச்சை உருளைக்கு தான் ஃப்ரிட்ஜ் ஆகாது, வெந்ததுக்கு நல்லது, ஃப்ரிட்ஜோட காஞ்ச குளிர் மேல்பக்கத்த இன்னும் உலர்த்தும், உருளையும் இறுகி உடையாம நிக்கும். விருந்து அன்னைக்கு காலைல வேலையும் குறையும், மொறுமொறுப்பும் கூடும்.

5. குத்தி, குலுக்கி, முதல் பூச்சு

ஒவ்வொரு உருளையையும் முள் கரண்டியால நாலஞ்சு இடத்துல குத்துங்க, ஆழமா, ஆனா பிளந்துடாம. அப்புறம் ஒரு மூடி போட்ட பாத்திரத்துல போட்டு நாலு குலுக்கு குலுக்குங்க. வழவழன்னு இருந்த மேல்பக்கம் கொஞ்சம் சொரசொரன்னு ஆகும். அந்த சின்ன சின்ன சிம்பு எல்லாம் தான் பின்னாடி மொறுமொறுன்னு வரப் போகுது, மசாலா பிடிச்சு நிக்கறதும் அதுல தான்.

இப்போ எண்ணெய், மஞ்சள்தூள், உப்பு போட்டு புரட்டுங்க. அதுக்கப்புறம் அரிசி மாவ பரவலா தூவி மறுபடியும் புரட்டுங்க. வெள்ளையா மாவு எங்கயும் தெரியக் கூடாது. கடாய்ல எண்ணெய்ல பொரிக்கும்போது காஞ்ச மாவு கூட பொரிஞ்சுடும், இதுல எண்ணெய் படாத மாவு கடைசி வரைக்கும் பச்சை மாவாவே நிக்கும், வாய்ல வச்சா நறநறங்கும். வெள்ளை தெரிஞ்சா இன்னும் அரை ஸ்பூன் எண்ணெய் விடுங்க.

எண்ணெயே இல்லாம செய்யணும்னு நினைக்கிறவங்களுக்கு: தாராளமா செய்யலாம், ஆனா அது சுட்ட உருளை, ரோஸ்ட் இல்ல. அரை கிலோவுக்கு இங்க சொன்ன எண்ணெய் அளவே குறைச்சல் தான், அதையும் வெட்டாதீங்க.

கூடைல எண்ணெய் தடவறதுக்கு பிரஷ் எடுங்க. கடைல விக்கிற ஏரோசல் குக்கிங் ஸ்ப்ரே வேண்டாம், அதுல எண்ணெயோட கலந்திருக்கிற லெசித்தின் நான்ஸ்டிக் கோட்டிங் மேல பிசுபிசுன்னு படிஞ்சு தேச்சாலும் போகாம நின்னுடும்.

6. மெஷினை தயார் பண்றது

200 டிகிரில 4 நிமிஷம் காலியா சூடு பண்ணுங்க. தோசைக்கல்லு காயாம மாவு ஊத்த மாட்டோம் இல்ல, அதே தான் இங்கயும், சூடாகாத கூடைல போட்டா உருளை ஒட்டிக்கும், எடுக்கும்போது மேல வந்த பொரிஞ்ச தோல் கூடையோட போயிடும்.

பிளக் பத்தி ஒரு வார்த்தை. 1500 வாட் மெஷின் ஓடும்போது ஆறரை ஆம்பியர் கிட்ட இழுக்கும், அதனால மிக்ஸி போடற சின்ன பாயின்ட்லயோ எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்லயோ போடாம பெரிய 16 ஆம்பியர் பாயின்ட்ல போடுங்க. சுவத்துல இருந்து ஒரு சாண் தள்ளி வைங்க, பின்னாடி சூடு காத்து வெளிய வரணும்.

வோல்டேஜும் இதுல விளையாடும். 230 வோல்ட் இருக்க வேண்டிய இடத்துல 200 தான் வருதுன்னா சூடு கிட்டத்தட்ட கால் பங்கு குறைஞ்சுடும். சாயங்காலம் ஊரே ஏசி போடற நேரத்துல செய்யறீங்கன்னா, மதியம் 12 நிமிஷத்துல வந்தது 15, 16 நிமிஷம் இழுக்கும். மெஷின் கெட்டுப் போச்சுன்னு நினைக்க வேண்டாம். இதனால தான் நான் நிமிஷத்த விட நிறத்த பாருங்கன்னு சொல்றேன்.

7. முதல் சுத்து: மசாலா இல்லாம

உருளைய ஒரே அடுக்கா, ஒண்ணுக்கொண்ணு இடிக்காம பரப்புங்க. 4 லிட்டர் கூடைல அரை கிலோ சரியா உக்காரும். ஒரு கிலோவையும் ஒண்ணா அடைச்சா காத்து போக வழி இல்லாம ஒண்ணோட ஆவில ஒண்ணு வேகும், அப்புறம் கிடைக்கிறது அவிச்ச உருளை தான். கூடை அடியில ஓட்டை எல்லாத்தையும் மூடற மாதிரி ஃபாயிலோ பேப்பரோ விரிக்காதீங்க. கழுவற வேலை மிச்சம்னு விரிக்கறாங்க, ஆனா கீழ இருந்து காத்து சுத்தறதே நின்னுடும்.

200 டிகிரி, 12 நிமிஷம். 6வது நிமிஷம் கூடைய வெளிய இழுத்து நல்லா குலுக்குங்க. 12 முடிஞ்சதும் பாருங்க, மேல இளம் பொன்னிறமா, கரண்டியால தட்டுனா டொக்குன்னு சத்தம் வரணும். வரலன்னா இன்னும் 3 நிமிஷம். இந்த இடத்துல அவசரப்பட்டு மசாலா போட்டுட்டா அப்புறம் மொறுமொறுப்பு வரவே வராது, ஏன்னா அடுத்த சுத்துல சூட்ட குறைக்கப் போறோம்.

கரும்பழுப்பு வரைக்கும் விடவும் வேண்டாம். மாவுச்சத்து உள்ள கிழங்கு அதிக சூட்டுல ரொம்ப கருக கருக அக்ரிலமைடுங்கிற வேண்டாத பொருள் கூடிட்டே போகும். பொன்னிறத்துல நிறுத்துனா ருசிக்கும் நல்லது உடம்புக்கும் நல்லது.

8. ரெண்டாவது சுத்து: இப்போ தான் மசாலா

உருளை உள்ள இருக்கும்போதே மசாலாவ தயார் பண்ணிடுங்க. தூள் எல்லாத்தையும் எண்ணெய்ல குழைச்சு தளர்வான பேஸ்ட் ஆக்குங்க. தூளா அப்படியே தூவுனா ஃபேன் காத்துல பறந்து மேல காயில்ல ஒட்டி கருகும், வீடு முழுக்க இருமல். எண்ணெய்ல குழைச்சா இன்னொரு லாபம், மிளகாயோட நிறமும் சோம்பு மிளகு வாசனையும் எண்ணெய்ல தான் நல்லா இறங்கும், தண்ணில இறங்காது. தயிரோ தண்ணியோ விட்டு குழைக்காதீங்க, இவ்ளோ நேரம் ஓட்டுன ஈரத்த நாமளே திருப்பி கூப்பிடற மாதிரி ஆயிடும்.

சூடான உருளைய அகலமான பாத்திரத்துல கொட்டி, மசாலாவ ஊத்தி, பாத்திரத்தோட தூக்கிப் போட்டு புரட்டுங்க. கரண்டி போட்டு கிண்டுனா மேல வந்த பொரிஞ்ச தோல் உரிஞ்சுடும். குத்தி வச்ச ஓட்டை எல்லாத்துலயும் எண்ணெயோட மசாலா உறிஞ்சிக்கிறது கண்ணுக்கே தெரியும்.

மறுபடியும் கூடைல பரப்பி 180 டிகிரில 4ல இருந்து 5 நிமிஷம். அதுக்கு மேல வேண்டாம். மிளகாய்த்தூளுக்கு பச்சை வாசனை போறதுக்கு இந்த நேரம் தாராளம், 200 டிகிரில 17 நிமிஷம் நின்னா அது கருகி கசக்காம என்ன பண்ணும். ரெசிபில எல்லாத்தையும் ஒண்ணா பிசறி 20 நிமிஷம் வைங்கன்னு போட்டிருக்கிறத நம்பி தான் புதுசா செய்யற பாதி பேர் ஏமாந்து போறாங்க.

3வது நிமிஷம் ஒரு தடவை திறந்து பாருங்க. நிறம் செங்கல் சிவப்புல இருந்து காப்பிப் பொடி நிறத்துக்கு போற மாதிரி இருந்தா அப்பவே எடுத்துடுங்க.

9. தாளிப்பு அடுப்புல தான்

கறிவேப்பிலைய ஏர் ஃபிரையர் உள்ள போடாதீங்க, இத ரொம்ப அழுத்தியே சொல்றேன். இலை லேசு, ஃபேன் தூக்கிட்டுப் போயி சிவக்க சிவக்க இருக்கிற காயில் மேல ஒட்ட வச்சுடும், புகை வரும், தீ கூட பிடிக்கலாம். காஞ்ச வெங்காயத் தோல், டிஷ்யூ பேப்பர் மாதிரி லேசான எதுக்கும் இதே தான்.

ரெண்டாவது சுத்து ஓடற 5 நிமிஷத்துல தாளிப்பு கரண்டில நல்லெண்ணெய் காய வச்சு கடுகு, உளுத்தம்பருப்பு, பருப்பு சிவந்ததும் தட்டுன பூண்டு, பூண்டு ஓரம் சிவக்க ஆரம்பிச்சதும் காய்ஞ்ச மிளகாய், கறிவேப்பிலை, கடைசில பெருங்காயம். கறிவேப்பிலைய முன்னாடியே கழுவி துடைச்சு வச்சிருந்தா தெறிக்காது. இலை சலசலன்னு மொறுமொறுப்பா ஆனதும் அணைச்சுடுங்க.

நல்லெண்ணெய் இங்க மட்டும் தான் வரணும்னு சொல்றதுக்கு காரணம் இருக்கு, செக்குல ஆட்டுன நல்லெண்ணெய்ய ஏர் ஃபிரையர்ல 200 டிகிரில அவ்ளோ நேரம் வச்சா வாசனை எல்லாம் போயிடும், புகையும் வரலாம். கடைசில சேத்தா தான் அந்த மணம் இலைல வந்து உக்காரும்.

10. பரிமாறுற நேரம்

வெளிய எடுத்த உருளைய ஹாட்பாக்ஸ்ல போட்டு மூடிட்டீங்கன்னா இவ்ளோ நேரம் பட்ட பாடு வீண், அதோட ஆவியே அத நமக்க வச்சுடும். எலுமிச்சம்பழம் பிழியறதும் இலைல போட்டதுக்கு அப்புறம் தான்.

விருந்துக்கு நான் செய்யற கணக்கு இது: முதல் சுத்து வரைக்கும் முடிச்சு தட்டுல திறந்தே வச்சுடுவேன், ஒரு மணி நேரம் கூட தாங்கும். இலை போட ஆரம்பிக்கும்போது மசாலா புரட்டி உள்ள வச்சா, சாதம் போட்டு சாம்பார் ஊத்தற நேரத்துக்கு சுடச்சுட தாளிப்போட வந்துடும். ஒரு கிலோ, ரெண்டு கிலோ செய்யறப்பவும் இதே வழி தான், முதல் சுத்த மட்டும் ரெண்டு மூணு தடவையா பிரிச்சு முன்னாடியே முடிச்சுக்கோங்க. கடைசி சுத்துக்கு கொஞ்சம் நெருக்கமா போட்டாலும் பரவாயில்ல, ஏற்கனவே காஞ்சு பொரிஞ்ச உருளை தான அது, நடுவுல ஒரு தடவை இடுக்கியால புரட்டி விட்டா போதும்.

மிச்சமானத ராத்திரி சூடு பண்ணணும்னா மைக்ரோவேவ் வேண்டாம், 180 டிகிரில 3 நிமிஷம். கறிவேப்பிலைய மறக்காம பொறுக்கிட்டு வைங்க.

11. இப்படி ஆச்சுன்னா, இது தான் காரணம்

மேல கருப்பு, உள்ள கடக்குன்னு இருக்குன்னா வேக வைக்கிறது பத்தல, கூடவே மசாலா முன்னாடியே போயிருக்கும். மேல நல்ல நிறம் ஆனா மெத்துன்னு இருக்குன்னா காய வைக்கல, இல்லன்னா கூடைல நெருக்கி போட்டிருக்கீங்க. மேல சுருங்கி ரப்பர் மாதிரி இழுக்குதுன்னா எண்ணெய் குறைச்சல், அதோட 160, 170 டிகிரில ரொம்ப நேரம் வச்சிருப்பீங்க, குறைஞ்ச சூட்டுல அது பொரியறதுக்கு பதிலா வறண்டுடும்.

குலுக்கும்போதே உடையுதுன்னா வேக்காடு தாண்டிடுச்சு. அத தூக்கிப் போட வேண்டாம், உள்ளங்கையால லேசா அழுத்தி தட்டையா ஆக்கி அதே முதல் பூச்சு போட்டு 200 டிகிரில 15 நிமிஷம் வைங்க. ஓரம் எல்லாம் அப்பளம் மாதிரி நொறுங்கும், எங்க வீட்டு பசங்க ரோஸ்ட்ட விட இதத்தான் கேட்டு வாங்கி சாப்பிடுவாங்க.

மசாலா உருளைல ஒட்டாம கூடை அடியில கிடக்குதுன்னா குலுக்கி சொரசொரப்பாக்கற ஸ்டெப் விட்டுப் போயிருக்கும். கூடைய ஆற விட்டு, வெந்நீர்ல பாத்திரம் கழுவற லிக்விட் ரெண்டு சொட்டு போட்டு அரை மணி நேரம் ஊற வச்சா மசாலா தானா கழண்டு வரும், மெத்துன ஸ்பாஞ்சால துடைச்சா போதும், கம்பி நார் மட்டும் போட்டு தேய்க்காதீங்க.